பலகை விளையாட்டும் இல்லறமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில், வாலிப அங்கத்தவர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





ஆண்டுதோறும் இம்மேடையிலே திருமுறைகளின் பெருமையையும் நாயன்மாரின் பக்தித் திறத்தையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையாகத் தோன்றும். வீட்டிலே பாய் விரித்து, பலகை வைத்து, பெரியவர்களும் பிள்ளைகளும் கூடியிருந்து ஆடும் விளையாட்டுக்களைப் பற்றியும், அவற்றைத் தேடிச் சேர்த்து வைக்க வேண்டிய கடமையைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். "விளையாட்டுக்கும் ஒரு சொற்பொழிவா?" என்று இளைஞர் சிலர் முறுவலிக்கலாம். "சூதாட்டத்தைச் சங்கமே கற்றுக் கொடுக்கப் போகின்றதா?" என்று முதியோர் சிலர் முகஞ் சுளிக்கவுங் கூடும். முறுவலிப்போருக்கு இவ்வுரை முழுவதுமே விடையாகும். முதியோரின் ஐயமோ நியாயமானது. ஆதலின் அதற்கு முதற்கண் மறுமொழி கூறிவிட்டே மேலே செல்வோம்.

சூது வேறு, விளையாட்டு வேறு

பாரதப் போருக்கு வித்திட்டது ஒரு பலகையும் பகடையுமே என்பதை அறியாத இந்துப் பிள்ளை இல்லை. தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னையே வைத்தான், ஈற்றில் பாஞ்சாலியையும் வைத்தான். நளன் நாடிழந்து காடு புகுந்ததும் இதனாலேயே. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே, மனைவியையும் செல்வத்தையும் இழந்த சூதாடி ஒருவன் தன் நிலையை நொந்து புலம்பும் சூக்தம் ஒன்று இருக்கின்றது. வள்ளுவப் பெருந்தகையார் தமது நூலின் 94 ஆம் அதிகாரம் முழுவதையும் சூதின் கேட்டை எடுத்துரைக்கவே ஒதுக்கினார். சூதிலே கிடைக்கும் வெற்றியைக்கூட, தூண்டிலிரும்பை மீன் இரையென்று விழுங்கியதற்கு ஒப்பிட்டார்.

ஆனால் அதே வள்ளுவர், கல்லாமை அதிகாரத்தின் முதற் குறளிலே வேறோர் உவமை கூறுகின்றார். நிரம்பிய நூலறிவு இல்லாமல் அவையிலே பேசப் புகுவது, கட்டம் வரையாமலே காய் உருட்டி ஆடியதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. கட்டம் வரைந்து ஆடுவது அக்காலத்து மக்கள் எல்லோரும் அறிந்த வழக்கமாக இராவிட்டால், அவ்வுவமை யாருக்கு விளங்கியிருக்கும்?

சங்கப் புலவராகிய மருதன் இளநாகனார் புறநானூற்றின் 52 ஆம் பாட்டிலே, பாண்டியனின் சினத்துக்கு ஆளான நாடு பாழாய்க் கிடப்பதைக் காட்டுகின்றார். வழிபாடு ஒழிந்துபோன ஊரம்பலம். நரைத்த முதியவர்கள் இருந்து ஆடிய இடத்திலே குழிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அக்குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிட்டு வைத்திருக்கின்றது. முதியோர் கூடி ஆடுகின்ற இடம் வெறிச்சோடுவதே ஓர் ஊர் பாழானமைக்கு அடையாளம் என்று அப்புலவர் கண்டார். இக்காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நம் வீடுகளைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும்.

இறைவனுக்கும் இதிலே பங்குண்டு. எல்லோராவின் 21 ஆம் குகையிலே சிவபெருமானும் உமையம்மையும் எதிரெதிரே அமர்ந்து காய் ஆடும் காட்சி கல்லிலே வடிக்கப்பட்டிருக்கின்றது. தமிழ்நாட்டில் திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரிலே கோயில் கொண்ட பெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். சதுரங்கத்திலே எவராலும் வெல்ல இயலாத அரசிளங்குமரியை முதியவர் வடிவிலே வந்து வென்று மணஞ் செய்தருளினார் என்பது அத்தலத்தின் புராணம். ஆட்டமே பாவமாயின் அடியார்கள் தம் இறைவனுக்கு இப்படியொரு பெயர் சூட்டியிருப்பார்களா?

ஆகவே நம் முன்னோர் கண்ட எல்லை தெளிவானது. பணயம் வைத்தால் சூது. பணயம் இல்லையேல் விளையாட்டு. இச்சங்கத்தின் பெயரால் நடக்கும் எந்த ஆட்டத்திலும் ஒரு சதமும் வைக்கப்படலாகாது. தோற்றவர் தேநீர் வாங்கித் தரவேண்டும் என்ற நிபந்தனைகூட வேண்டாம். பெரிய பணயங்கள் யாவும் சிறிய பணயங்களிலிருந்தே பிறந்தன.

சுமையில்லாமல் வந்த சொத்து

இனி, நம்முடைய ஊர் வீதியை நினைவு கூர்வோம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக அக்குறணையைக் கடந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதி இது. கோப்பிப் பயிர் மலைநாட்டிலே பரவிய 19 ஆம் நூற்றாண்டிலே, தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பக்கத்தில் இறங்கிய தொழிலாளர்கள், வன்னிக் காட்டினூடாகக் கால்நடையாகவே மாத்தளையை அடைந்தார்கள். அங்கிருந்து கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். பசியாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோர் தலையிலே கொண்டு வந்த மூட்டை மிகச் சிறியது.

அந்த மூட்டையிலே மரப்பலகைக்கு இடம் ஏது? ஆயினும் விளையாட்டுக்கள் வந்து சேர்ந்தன. எப்படி? நெஞ்சிலே இருந்து வந்தன. லயத்து இஸ்தோப்பிலே கரிக்கட்டியாற் கட்டம் கீறினால் அது தாயப் பலகை. மண்ணிலே இரு வரிசையாகக் குழி தோண்டினால் அது பல்லாங்குழி. புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரைத்து வெளுக்க வைத்தால் அதுவே பகடை. விலை கொடுக்க வேண்டியதில்லை, சுமக்க வேண்டியதுமில்லை. ஆனால் இவ்வகைச் சொத்துக்கு ஒரு பெருங் குறையும் உண்டு. நெஞ்சிலே இருப்பது, அந்நெஞ்சு நின்றவுடன் நின்றுவிடும். ஒரு வீட்டில் அம்மாயி கண்மூடும்போது அவ்வீட்டின் ஆட்ட விதிகளும் அவருடன் போய்விடுகின்றன. இன்று நாம் இங்கே பேச எழுந்ததன் காரணம் இதுவே.

நான்கு ஆட்டங்கள்

இளைஞருள் பலர் பெயரை மட்டும் அறிந்த நான்கு ஆட்டங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். இடத்துக்கு இடம் விதிகள் மாறுபடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

முதலாவது பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து காய் வைத்து ஆடும் வழக்கத்தில் மொத்தம் 70 காய்கள். தன் பக்கத்துக் குழியொன்றின் காய்களை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்லவேண்டும். கைக்காய் முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாயிருந்தால், அதற்கு அப்பாலுள்ள குழியின் காய்கள் ஆடியவருக்குச் சொந்தம். அத்துடன் அவர் முறை முடியும். ஆட்டத்தினிடையே ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார். இவ்வாட்டத்தின் அழகு முதற் சுற்றுக்குப் பின்னரே தெரியும். தோற்றவர் தம்மிடம் எஞ்சிய காய்களைக் கொண்டு நிரப்பக்கூடிய குழிகளை மட்டும் நிரப்பி மீண்டும் ஆடலாம். குழி குறைந்தாலும் ஆட்டம் தொடரும். கணக்கிலே கெட்டிக்காரராயின் இழந்ததை மீட்கவும் முடியும். இப்படிப்பட்ட ஆட்டத்திலே கூட்டலும் கழித்தலும் பழகிய பிள்ளைக்கு வாய்பாடு கசக்குமா?

இரண்டாவது ஆடுபுலி ஆட்டம். மலைபோல் வரைந்த முக்கோணக் கோடுகளின் மேல் மூன்று புலிகள் ஒரு பக்கம். பதினைந்து ஆடுகள் மறுபக்கம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, தாண்டுவதற்கு இடம் விடாமல் நெருக்கினால், புலிகள் அசைய வழியின்றி அடைபட்டுத் தோற்கும். ஒரு சங்கத்தின் பயனை விளக்க இதனிலும் சிறந்த உபந்நியாசம் நமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தாயம். நாற்பக்கமுள்ள பித்தளைத் தாயக்கட்டை இரண்டையோ, சோகிகளையோ உருட்டி, விழுந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்தி, கட்டங்களைச் சுற்றி நடுவே கொண்டுபோய்ப் பழுக்க வைப்பது. தாயம், அதாவது ஒன்று, விழுந்தாலன்றிக் காய் உள்ளே இறங்காது. பெரிய எண்கள் எத்தனை விழுந்தாலும் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கவேண்டும். பொறுமையைப் போதிக்கும் ஆட்டம் இது. வெட்டுண்ட காய் மறுபடியும் தொடக்கத்திலிருந்தே புறப்படும். ஆடுபவரும் முகங்கோணாமல் புறப்படப் பழகவேண்டும்.

நான்காவது பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவிலே கண்விழித்திருப்பதற்கு நம் மூத்தோர் கைக்கொண்ட ஆட்டம். நற்குணங்கள் ஏணியாகும், தீக்குணங்கள் பாம்பாகும், உச்சியிலே பரமபதம். ஏறினோம் என்ற இறுமாப்பு வந்த மறுகணமே பாம்பின் வாய் காத்திருக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும்.

அயலவரோடும் நமக்கு உறவு

இவ்வாட்டங்கள் நம்மோடு மட்டும் நின்றுவிடவில்லை. இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர், 1909 இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' என்ற பொருளுடைய தமது ஆங்கில நூலிலே, இத்தீவின் பலகை விளையாட்டுக்களையும் படங்களுடன் பதிவு செய்து வைத்தார். நமது ஆடுபுலி ஆட்டத்தைச் சிங்கள மக்கள் 'தெமள திவியன் கெலிய' என்று அழைத்ததை அவர் குறித்திருக்கின்றார். தமிழரின் சிறுத்தை ஆட்டம் என்பது அதன் பொருள். இத்தீவின் காடுகளிலே வேங்கைப்புலி இல்லை, சிறுத்தையே உண்டு. ஆதலால் புலி இங்கு சிறுத்தையாயிற்று போலும். ஆயினும் யாரிடமிருந்து பெற்றோம் என்பதை அப்பெயரிலேயே அவர்கள் மறவாமல் வைத்திருந்தார்கள்.

பல்லாங்குழியின் சகோதரி 'ஒலிந்த கெலிய'. குழிக்கு நான்கு குன்றிமணி வைத்து, சித்திரைப் புத்தாண்டிலே சிங்களப் பெண்கள் ஆடிவந்தது. அதே புத்தாண்டுக் காலத்தில் சோகிகளைச் சிரட்டையிலே குலுக்கி, இரு கட்சியாகப் பிரிந்து ஆரவாரத்துடன் ஆடுவது 'பஞ்ச கெலிய'. ஒரே நாளிலே புத்தாண்டு கொண்டாடும் இரு சமூகங்கள், ஒரே குழிகளிலே வெவ்வேறு விதைகளை இட்டு ஆடியிருக்கின்றன.

நம்மூரிலே இந்துக்களாகிய நாம் சிறு தொகையினர். முஸ்லிம் அன்பர்களின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே, ஒரே தமிழைப் பேசி வாழ்கிறோம். 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட வன்செயல் அக்குறணையையும் தொட்டது. அத்தகைய நாட்களிலே, அயல் வீட்டாரின் பெயரையும் பிள்ளைகளையும் அறிந்திருப்பது எவ்வளவு பெரிய காவல் என்பதை இவ்வூரார் எவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நமது விளையாட்டு மாலைக்கு அயலவரையும் அழைக்கலாம். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பகடை உருட்டி ஆடுவதை முஸ்லிம் அன்பர்களிற் பலர் மார்க்க விதிப்படி தவிர்ப்பர். அவர்கள் வரும் நாளிலே தாயத்தை எடுத்து வைத்துவிட்டுப் பல்லாங்குழியையும் ஆடுபுலியையும் கரம் பலகையையும் விரிப்பதே விருந்தோம்பலுக்கு அழகு.

கடல் கடந்து மீண்டவை

நம் பிள்ளைகள் கடையிலே வாங்கும் 'லூடோ' எங்கிருந்து வந்தது? பாரத நாட்டின் பச்சீசி ஆட்டம் இங்கிலாந்து சென்று, சுருங்கி, 1896 இல் லூடோ என்ற பெயரிலே அங்கு உரிமை பதிவு பெற்றது. நமது பரமபதமும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே அங்கு போய், 'பாம்பும் ஏணியும்' ஆகித் திரும்பியது. போகும்போது அதில் ஏணிக்கும் பாம்புக்கும் பெயர் இருந்தது. காலப்போக்கிலே பெயர்கள் உதிர்ந்து, ஏன் ஏறுகிறோம், ஏன் இறங்குகிறோம் என்பது தெரியாமலே ஏறி இறங்கும் ஆட்டமாயிற்று. மூலத்தை வைத்திருப்போர் அதன் விதிகளை எழுதி வையாவிடின் இவ்வாறே நேரும்.

வீட்டுப் பாயிலே தொடங்கிய ஆட்டம் உலக மேடை வரை செல்லும் என்பதற்கும் சான்றுகள் உள. 1988 இல் இந்தியாவின் முதலாவது சதுரங்கக் கிராண்ட்மாஸ்டராகிப் பின்னர் உலகப் பட்டமும் வென்ற விசுவநாதன் ஆனந்துக்கு முதன்முதல் காய் நகர்த்தக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய அன்னையார். சென்னையைச் சேர்ந்த வைஷாலியை, தொலைக்காட்சிப் பழக்கத்திலிருந்து மீட்கவே பெற்றோர் சதுரங்கம் பயில அனுப்பினர். அக்காளைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆட வந்தார். இன்று உலகிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதலாவது அக்காள் தம்பியர் அவ்விருவரே. 2024 டிசம்பரில் சிங்கப்பூரிலே 18 வயதில் உலகப் பட்டம் வென்ற குகேசும் சென்னைப் பிள்ளையே. கரம் ஆட்டத்தில் இருமுறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2012 இல் கொழும்பிலே நடந்த உலகக் கரம் போட்டியிலே ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற நிஷாந்த பெர்னாண்டோ நம் நாட்டவர்.

இவற்றைக் கூறுவது, எல்லாப் பிள்ளைகளையும் வீரர்களாக்கிப் பரிசு குவிக்கவேண்டும் என்பதற்கன்று. அத்தகைய உயரத்துக்கும் தொடக்கம் ஒரு பலகையே என்பதைச் சுட்டவே கூறினோம்.

இன்று ஏன் இது வேண்டும்?

இப்போது அந்தச் சங்கப் பாடலின் காட்சிக்கு வருவோம். முதியோர் ஆடிய குழிகளிலே காட்டுக்கோழி முட்டையிட்டதாகப் புலவர் பாடினார். நம் வீடுகளிலே பாழ் இல்லை, மின்விளக்கு எரிகின்றது, சோறு வேகின்றது. ஆயினும் இரவு எட்டு மணிக்கு உள்ளே எட்டிப் பாருங்கள். தந்தை ஒரு மூலையில் கைத்தொலைபேசியோடு, மகன் மறு மூலையில் தன் தொலைபேசியோடு, மகள் காதிலே குழாய் மாட்டியபடி, தாய் அடுக்களையிலே, பாட்டி சுவரைப் பார்த்தபடி. ஐவர் இருந்தும் அவ்வீட்டிலே ஒரு பேச்சுக் கேளாது. பாழம்பலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

கைத்தொலைபேசியை நாம் வெறுக்கவில்லை. வெளிநாட்டிலே உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் காண்பது அதனாலன்றோ? ஆனால் அதிலே ஆடும் ஆட்டத்தில் எதிரே இருப்பவர் யார் என்று பிள்ளைக்குத் தெரியாது. சில ஆட்டங்கள் பணத்தையும் கேட்கின்றன. நாம் முதலிற் கண்ட சூது இன்று வீட்டுக் கதவைத் தட்டாமலே பிள்ளையின் கைக்குள் புகுந்துவிடுகின்றது. சூதுக்கு அஞ்சும் முதியோர், எச்சரிக்கையோடு பார்க்கவேண்டியது பாயிலே விரித்த பலகையையன்று. போர்வைக்குள்ளே ஒளிரும் அந்தச் சிறு கண்ணாடியையே.

இதற்கு மாற்று உண்டு என்பதை நாம் கண்டும் இருக்கிறோம். 2020 மார்ச் இறுதியிலே, கொரோனாத் தொற்றின் காரணமாக நம் அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டு, உள்ளே வருவாரும் வெளியே போவாரும் இன்றி முடங்கியது. 2022 இல் எரிபொருள் இன்றி நாடெங்கும் மணிக்கணக்காக மின்சாரம் தடைப்பட்டது. பிங்கா ஓயா பெருகும் மழைக்காலங்களிலே கடைத்தெரு வெள்ளத்தில் மூழ்க, வீட்டோடு இருந்துவிடும் நாட்களும் நமக்குப் புதியனவல்ல. அந்நாட்களிலே மெழுகுவர்த்தி ஒன்றைச் சுற்றிக் கரம் பலகையும் டாம் பலகையும் வெளிவந்ததை மறந்துவிட்டோமா? இருளிலே கூடத் தெரிந்த நமக்கு ஒளி வந்தபின் கூடத் தெரியாமற் போவானேன்?

இன்னுமொரு பயனையும் சொல்லவேண்டும். நமது வீடுகளிலே பாட்டிமாருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இடையே பேச்சு அருகி வருகின்றது. கொழுந்து பறித்தே கைரேகை தேய்ந்த அம்மாயி, பேத்தியின் கணினிப் பாடத்துக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? ஆனால் பல்லாங்குழி முன்னே அமர்ந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் முடியும் என்று ஒரு பார்வையிலே கண்டுவிடும் அவரிடம், பல்கலைக்கழகம் போன பேத்தியும் தோற்பாள். பள்ளிக்கூடம் காணாத ஒருவர் தம் வீட்டாருக்கு ஆசிரியராகும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவேனும் இவ்வாட்டங்கள் வாழவேண்டும்.

சேகரிப்பது எப்படி?

சேகரிப்பு என்றதும் விலையுயர்ந்த பொருட்களை எண்ணி மலைக்கவேண்டாம். மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) பலகை விளையாட்டுக்களிலே பேரார்வங் கொண்டு புதியனவும் வகுத்து, அவற்றை ஓவியங்களுடன் ஏட்டிலே பதிவு செய்வித்தார். அது மன்னர் செயல். ஆனால் 2002 இல் சென்னையிலே வினிதா சித்தார்த்தா தொடங்கிய 'க்ரீடா' நிறுவனம், பழைய விளையாட்டுக்களை முதியோரிடம் கேட்டறிந்து மீண்டும் மக்களிடையே பரப்பி வருகின்றது. தமிழ்நாட்டுப் பழங்கோயில்களின் கற்றளங்களிலே கீறப்பட்டிருக்கும் ஆட்டக் கட்டங்களும் இன்று ஆராய்வோரின் கவனத்தைப் பெற்றிருக்கின்றன. நாம் நமது அளவிலே செய்யக்கூடியவை இவை.

வீடு தோறும் ஒரு விளையாட்டுப் பெட்டி வேண்டும். பிஸ்கட் தகரப் பெட்டியே போதும். அதிலே சோகி பன்னிரண்டு, புளியங்கொட்டை நூறு, குன்றிமணி கிடைத்தால் ஒரு பிடி. குன்றிமணி நஞ்சுடையது, ஆதலின் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டிலே அதற்குப் பதிலாகப் புளியங்கொட்டையும், அதையும் பெரியவர் கண்ணெதிரே மட்டும். தாயத்துக்கும் ஆடுபுலிக்கும் ஆளுக்கொரு துணித்துண்டிலே நூலாற் கட்டம் தைத்து வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

பழைய பலகையோ, பித்தளைத் தாயக்கட்டையோ எவர் வீட்டிலேனும் இருந்தால் அதைத் தேய்த்து மெருகேற்றவும் வேண்டாம், பழைய சாமான் வாங்குவோரிடம் நிறுத்து விற்கவும் வேண்டாம். குழியின் ஓரம் தேய்ந்திருப்பது எத்தனை கைகள் அதிலே ஆடின என்பதற்குச் சாட்சி. சங்கத்திடம் காட்டினால் படம் எடுத்து, அளவு குறித்துத் திருப்பித் தருவோம்.

பெட்டியிலும் முக்கியமானது கொப்பி. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள முதியவரிடம் போங்கள். ஆட்டத்தின் பெயர் என்ன, காய் எத்தனை, எப்பக்கமாகச் சுற்றும், வெட்டு எப்போது, முடிவு எப்படி என்று கேட்டு எழுதுங்கள். யாரிடம், எந்தத் தோட்டத்திலே, எந்த வயதிலே கற்றீர்கள் என்றும் கேளுங்கள். இரு வீட்டு விதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் எது சரியென்று வழக்காட வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். அவர் ஆடும்போது சொல்லும் சிறு சொற்களையும், எண்ணும் முறையையும் விட்டுவிடாதீர்கள். வாயாற் சொல்ல வராதது கையிலே வரும். ஆகையால் ஆடிக்கொண்டே கேளுங்கள்.

விளையாட்டு மாலை

முடிவாக, எமது வேண்டுகோள். மாதந்தோறும் வரும் பௌர்ணமி தினம் நம் நாட்டிலே பொது விடுமுறை. அன்று மாலை பூசை முடிந்தபின், இரண்டு மணி நேரத்தை ஒவ்வொரு குடும்பமும் விளையாட்டு மாலையாகக் கொள்வோம். அதற்கு நாம் முன்வைக்கும் ஒழுங்குகள் ஐந்து.

பணயம் எவ்வகையிலும் கூடாது. கைத்தொலைபேசிகள் யாவும், பெரியவர்களுடையனவும் சேர்த்து, ஒரு தட்டிலே வைக்கப்படவேண்டும். அன்றிரவுச் சமையலை முன்னதாக முடித்து, ஆடவரும் அதிலே கைகொடுத்து, தாய்மாரும் பாயிலே அமரவேண்டும். குடும்பம் ஆடும்போது தாய் மட்டும் அடுப்பண்டை நிற்பின் அது குடும்ப விளையாட்டாகாது. வீட்டின் மூத்தவர் முதல் ஆட்டத்தைத் தொடக்கி வைக்கவேண்டும். தோற்ற பிள்ளையை எவரும் எள்ளலாகாது; வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்து அதை ஏமாற்றவும் ஆகாது. நேர்மையாகத் தோற்று, நாளைக்கும் ஆடுவேன் என்று எழுந்திருக்கப் பழகிய பிள்ளை, பரீட்சை மண்டபத்திலும் வேலை தேடும் வாயிலிலும் எளிதிலே உடைந்து போகாது.

வாலிபர்களே, அடுத்த ஆண்டு மலரிலே, நமது அங்கத்தவர் வீடுகளிலிருந்து திரட்டிய ஆட்ட விதிகள் ஒரு பகுதியாக இடம்பெற வேண்டும் என்பது எமது அவா. ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தையேனும் எழுதித் தாருங்கள். பெரியோர்களே, பேரப்பிள்ளை கொப்பியோடு வந்து அருகில் அமரும்போது, "இதெல்லாம் என்ன, பழங்கதை" என்று தள்ளிவிடாதீர்கள். காடும் மேடும் கடந்து இவ்வீதி வழியே நெஞ்சிலே சுமந்து கொண்டுவரப்பட்ட சொத்து உங்களிடம் இருக்கின்றது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. கொடுத்துச் செல்லும் கடமை உங்களுக்கு உண்டு.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் இம்முயற்சிக்குத் துணை நிற்பாராக.